நற்சான்றிதழில் விழுந்த கட்டம்



ஆசிரியர்களும் பெற்றோரும் வந்து படிக்கும் இடத்தில் கணினி நிரலைப் பற்றி எழுதத்தான் வேண்டுமா என்று சில நாள்கள் தயங்கினேன். ஆனால், நடந்தது ஒரு பிள்ளையின் பெயரைப் பற்றியது. ஆகவே எழுதுகிறேன். நிரல் எழுதத் தெரியாதவர்களும் பொறுமையோடு படித்தால் புரியும்.

2019-ஆம் ஆண்டு நவம்பர் மாதம். பரிசளிப்பு விழாவுக்கு மறுநாள் காலை, நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி தன் நற்சான்றிதழை உறையோடு ஏந்திக்கொண்டு ஆசிரியர் அறைக்கு வந்தாள். "டீச்சர், என் பேர்ல ஒரு பெட்டி இருக்கு" என்றாள். குறை கூறும் குரல் அன்று. ஏதோ ஒரு புதுமையைக் காட்ட வந்தவள் போல்தான் இருந்தாள்.

வாங்கிப் பார்த்தேன். அவளுடைய பெயர் ‘ஸ்ரீ’ என்று முடியும். அந்த இடத்தில் ஒரு வெற்றுக் கட்டமும் அதையடுத்து ‘ரீ’ என்ற எழுத்தும் அச்சாகியிருந்தன. அந்தக் கட்டத்துக்குள் யாரோ நீல மையால், வரம்பைத் தாண்டாமல், மிகக் கவனமாக ‘ஸ்’ என்று எழுதியிருந்தார்கள். "அப்பா எழுதினாரு" என்றாள்.

அந்த நற்சான்றிதழ்களை அச்சிட்டது நான் எழுதிய நிரல். விழாவுக்கு முந்திய வாரம், "இனிமேல் பெயர்களைக் கையால் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்யத் தேவையில்லை" என்று ஆசிரியர் கூட்டத்தில் பெருமையாகச் சொன்னவளும் நான்தான்.

ஒரு கட்டம்தானே, மறுபடி அச்சிட்டால் தீர்ந்தது என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மலேசியாவில் பிறந்த நம் பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழில் பெயர் உரோமன் எழுத்தில்தான் இருக்கிறது. அடையாள அட்டையிலும் கடப்பிதழிலும் அவ்வாறே. அப்பெயர் தமிழ் எழுத்தில் அச்சேறும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பள்ளி நற்சான்றிதழ் ஒன்று. பின்னாளில் திருமண அழைப்பிதழ் ஒன்று. இடையில் கோவில் உபயத்தாள் ஏதேனும் இருக்கலாம். அத்தகைய அரிய இடத்தில் பெயர் ஊனமாக வந்தால், தமிழ்ப்பள்ளி எதற்காக இருக்கிறது?

நிற்க. நிரலின் கதைக்கு வருகிறேன்.

பகுதிநேரமாகப் பட்டப்படிப்பு படித்த காலத்தில் ஜாவா எனக்கு ஒரு பாடமாக இருந்தது. அந்த அரைகுறை அறிவை வைத்துக்கொண்டு 2014-இல் முதல் நிரலை எழுதினேன். பெயர்ப்பட்டியலை ஒவ்வொரு வரியாகப் படிக்கும், நற்சான்றிதழ்ப் படத்தின்மேல் பெயரைப் பதிக்கும், அச்சுப்பொறிக்கு அனுப்பும். ஜாவாவில் எழுத்துருவைப் பெயர் சொல்லி அழைக்க ஒரே வரி போதும். நான் ‘லதா’ என்று எழுதினேன். விண்டோஸ் 2000 தொடங்கி அந்த இயங்குதளத்தோடு கூடவே வந்த தமிழ் எழுத்துரு அது. எந்தக் கணினியிலும் இருக்கும் என்பது என் எண்ணம்.

2016-இல் பள்ளிக்குப் புதிய கணினிகள் வந்தன. நிரலை ஓட்டினால் முதல் பெயர் தொடங்கிக் கடைசிப் பெயர் வரை எல்லாமே கட்டங்கள்! விசாரித்த பிறகுதான் தெரிந்தது. விண்டோஸ் 10-இல் ‘லதா’வும் ‘விஜயா’வும் வேண்டுவோர் தனியாக நிறுவிக்கொள்ளும் கூடுதல் தொகுப்புக்குப் போய்விட்டன. தமிழுக்கென்று இயல்பாக இருப்பது, விண்டோஸ் 8-இலிருந்து வரும் ‘நிர்மலா யூஐ’ என்னும் எழுத்துரு.

ஆனால், கேட்ட எழுத்துரு இல்லையென்றால் நிரல் ஏன் நிற்கவில்லை? ஏன் ஒரு பிழைச்செய்தியும் வரவில்லை? ஜாவாவின் நடைமுறையே அதுதான். இல்லாத எழுத்துருவின் பெயரைச் சொன்னால் அது மறுப்பதில்லை. ‘டயலாக்’ என்னும் பொது எழுத்துருவை எடுத்துக் கொடுத்துவிட்டு அமைதியாக இருந்துவிடும். கையில் கிடைத்த எழுத்துருவிடம் "உன் குடும்பப் பெயர் என்ன?" என்று நிரல் திரும்பக் கேட்டிருந்தால் ‘டயலாக்’ என்ற விடை வந்திருக்கும். நான் கேட்கவில்லை. அந்தக் காலத்து அச்சகத்தில், அறைப்பெட்டியில் ஓர் எழுத்து தீர்ந்துபோனால் அச்சுக்கோப்பவர் எழுந்து வந்து, "ஐயா, இந்த எழுத்து இல்லை, என்ன செய்யட்டும்?" என்று கேட்பார். கணினி எழுந்து வருவதில்லை.

அவ்வாண்டு எல்லாப் பெயர்களும் ஒன்றாகக் கெட்டதால் கண்ணில் பட்டுவிட்டது. தப்பித்தேன். முழுதாகக் கெடுவது ஆபத்தே இல்லை என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

நிரலைத் திருத்தினேன். இம்முறை பெயர் சொல்லி அழைப்பதற்கு முன், "இந்தக் கணினியில் என்னென்ன எழுத்துருக்கள் நிறுவப்பட்டிருக்கின்றன?" என்று இயங்குதளத்திடம் கேட்க வைத்தேன். ஜாவாவில் ‘கிராஃபிக்ஸ் என்விரான்மென்ட்’ என்பதன் வழியாக அந்தப் பட்டியலைப் பெறலாம். நூற்றுக்கணக்கான பெயர்கள் வரிசையாக வந்து விழும். அதில் எனக்கு வேண்டியது இருந்தால் எடுத்துக்கொள், இல்லையேல் அடுத்ததைத் தேடு என்று எழுதினேன். என் வரிசையில் முதலிடம், இணையத்திலிருந்து பல ஆண்டுகளுக்கு முன் இறக்கி வைத்திருந்த ஓர் அலங்கார எழுத்துருவுக்கு. வளைவுகள் அவ்வளவு அழகாக இருக்கும். அடுத்த இடம் ‘நிர்மலா யூஐ’க்கு.

அதே நிரலை, மேக் கணினி வைத்திருக்கும் என் தோழியின் வீட்டில் ஓட்டிப் பார்த்தபோது பட்டியல் முற்றிலும் வேறாக இருந்தது. அங்கே ‘இணைமதி’, ‘தமிழ் எம்என்’, ‘தமிழ் சங்கம் எம்என்’ என்று வந்தன. ‘எம்என்’ என்பது நம் நாட்டு முத்து நெடுமாறன் அவர்களின் பெயரின் முதலெழுத்துகள். 1985-இல் ‘முரசு அஞ்ச’லைத் தொடங்கியவரின் எழுத்து, உலகெங்கும் உள்ள மேக் கணினிகளில் உட்கார்ந்திருக்கிறது. இதை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பாடநூலில் இல்லாவிட்டாலும் சொல்ல வேண்டிய செய்தி என்பேன்.

இனி 2019-க்கு வருவோம். அலங்கார எழுத்துரு கணினியில் இருந்தது. பட்டியலிலும் அதன் பெயர் இருந்தது. நிரல் அதைத்தான் எடுத்தது. இருநூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள் அழகாக அச்சாயின. ஒரு பெயரில் ஓர் எழுத்து மட்டும் விழுந்துவிட்டது. ஏன்?

அன்று மாலை பள்ளியிலேயே அமர்ந்து அந்தப் பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய எண்ணைத் திரையில் காட்டும்படி செய்தேன். யூனிகோட்டில் தமிழுக்கென்று 128 இடங்கள் உள்ளன. எண்கள் 2944 முதல் 3071 வரை. ‘க’வின் எண் 2965. ‘ஸ’வின் எண் 3000. ‘ஸ்ரீ’ என்பதை ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என நான்கு எண்களாகக் கணினி வைத்துக்கொள்ளும். ஆனால், அந்த மாணவியின் பெயரில் 3000 இல்லை. அந்த இடத்தில் 2998 இருந்தது.

2998 என்பது ‘ஶ’. ‘ஷ’ அன்று, ‘ஸ’வும் அன்று, தனியாக எழுதினால் நம்மில் பலர் அடையாளம் காணமாட்டோம். இந்த எழுத்து யூனிகோட்டில் 2005-இல், 4.1 பதிப்பில் சேர்க்கப்பட்டது. அதுவரை ‘ஸ’வைக் கொண்டு எழுதிய ‘ஸ்ரீ’யை, அதன்பின் ‘ஶ’வைக் கொண்டும் எழுதலாம் என்றாயிற்று. சில விசைப்பலகைகள் முதல்வகையைத் தருகின்றன, சில இரண்டாம்வகையை. புதிய எழுத்துரு ஒன்றில் பார்த்தால் ‘ஸ்ரீ’, ‘ஶ்ரீ’ இரண்டும் ஒரே வடிவம். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. கணினிக்கோ இரண்டும் வெவ்வேறு பெயர்கள். ஒன்றைத் தேடினால் மற்றொன்று அகப்படாது! வகுப்பாசிரியர் தம் கைப்பேசியில் இருந்தபடி பெயரைத் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார். அவர்மேல் பிழையில்லை. நான் அழகுக்காகத் தேர்ந்த எழுத்துருவில் ‘ஶ’வே இல்லை.

ஆக, நான் கேட்ட கேள்வியே தவறு. "உன்னிடம் இந்த எழுத்துரு இருக்கிறதா?" என்று கேட்டேன், இருக்கிறது என்றது. "இந்தப் பிள்ளையின் பெயரை எழுதத் தேவையான எல்லா எழுத்தும் இதில் இருக்கின்றனவா?" என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்!

ஒவ்வோர் எழுத்துருக் கோப்புக்குள்ளும் ஓர் அட்டவணை இருக்கிறது. இந்த எண்ணுக்கு இந்த வடிவம் என்று அது சொல்லும். அட்டவணையில் எண் இல்லையென்றால், இல்லாத எழுத்துக்கென்று வைத்திருக்கும் வெற்று வடிவம் வரும். பெரும்பாலும் அதுதான் நாம் காணும் கட்டம். கணினித் துறையினர் இக்கட்டத்தை ‘டோஃபு’ என்று கேலியாகச் சொல்வார்கள். நம் ஊர்ச் சந்தையில் விற்கும் அதே சோயாக்கட்டிதான். கூகுள் நிறுவனம் தன் எழுத்துருக்களுக்கு ‘நோட்டோ’ என்று பெயரிட்டது, ‘இனி டோஃபு வேண்டாம்’ என்ற பொருளில்.

அந்த அட்டவணையைக் கேட்டறிய ஜாவாவில் ‘கேன் டிஸ்பிளே அப் டூ’ என்றொரு கட்டளை உண்டு. ஒரு சொல்லைக் கொடுத்தால், அச்சொல்லில் எதுவரை தன்னால் காட்ட முடியும் என்று எழுத்துரு விடை சொல்லும். முழுவதும் காட்ட முடிந்தால் -1 என்று வரும். முடியாவிட்டால் தடுக்கி விழும் முதல் இடத்தின் எண் வரும். எண்ணிக்கை சுழியத்தில் தொடங்கும். எடுத்துக்காட்டாக, ‘ஶ’ இட்டெழுதிய ‘ஜெயஶ்ரீ’ என்ற பெயரை என் அலங்கார எழுத்துருவிடம் கொடுத்தால் 3 என்று வரும். ஜ, ஒற்றைக் கொம்பு, ய என்னும் மூன்றையும் தாண்டி நான்காவதில் விழுகிறது என்று பொருள்.

இங்கே ஆசிரியர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘செல்வி’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று கேட்டால் ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகூட மூன்று என்று சொல்லும். கணினி ஆறு என்று சொல்லும். கொம்பும் புள்ளியும் விசிறியும் அதற்குத் தனித்தனி. அதன் விடையில் வரும் இட எண்ணை நம் எழுத்தெண்ணிக்கையோடு ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். நான் ஒரு மாலைப்பொழுதை இதில் தொலைத்திருக்கிறேன்.

இரவு எட்டு மணிக்குத் திருத்தம் முடிந்தது. ஒவ்வொரு பெயரையும் முதலில் எழுத்துருவிடம் காட்டும். -1 வராவிட்டால் அடுத்த எழுத்துருவை நாடும். எதிலும் முடியாவிட்டால் அச்சிடாமல் நின்று, பெயரைத் திரையில் காட்டும். நிறைவோடு வீட்டுக்குப் போனேன். அந்த நிறைவு ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை.

மூத்த ஆசிரியர் ஒருவர், பழைய மாணவர் விருந்துக்காக ஒரு பெயர்ப்பட்டியலைக் கொடுத்தார். யூனிகோட் பரவுவதற்கு முன்பு தட்டச்சு செய்த கோப்பு. என் நிரல் அதைச் சோதித்து, எல்லாப் பெயருக்கும் -1 என்று நற்சான்று வழங்கியது. அச்சிட்டுப் பார்த்தால் தமிழே இல்லை! தலையில் கொம்பும் காலில் வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள் பக்கம் பக்கமாக நின்றன.

காரணம் எளிது. அந்தக் காலத்து எழுத்துருக்களில் 256 இடங்கள்தாம். டிஸ்கி போன்ற முறைகளில் முதல் 128 இடங்களை ஆங்கிலத்துக்கு விட்டுவிட்டு, எஞ்சியவற்றில் தமிழ் வடிவங்களை அமர்த்தினார்கள். ஐரோப்பிய எழுத்துகளின் இருக்கையில் நம் எழுத்துகள் உட்கார்ந்திருந்தன. அதற்குரிய எழுத்துரு இருந்தால் தமிழாகத் தெரியும். இல்லையேல் இருக்கைக்குச் சொந்தக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். அந்த ஐரோப்பிய எழுத்துகள் பெரும்பாலான எழுத்துருக்களில் இருப்பதால், "காட்ட முடியுமா?" என்ற கேள்விக்கு "முடியும்" என்றே விடை வரும். பொய்யில்லை, ஆனால் பயனும் இல்லை. ஆகவே இரண்டாவது சோதனை ஒன்றைச் சேர்த்தேன். பெயரில் உள்ள ஒவ்வோர் எண்ணும் 2944-க்கும் 3071-க்கும் இடையில் இருக்கிறதா என்று பார்க்கும். இடைவெளியையும் தலைப்பெழுத்துக்கான முற்றுப்புள்ளியையும் மட்டும் அனுமதிக்கும். வேறு எது வந்தாலும் நின்றுவிடும். இந்தச் சோதனை எதிர்பாராத ஒன்றையும் பிடித்தது. இணையத்திலிருந்து வெட்டி ஒட்டிய பெயர்களுக்குள் கண்ணுக்கே தெரியாத இணைப்பு நீக்கிக் குறி ஒளிந்திருந்தது. அதன் எண் 8204.

இவ்வளவுக்கும் பிறகு நிரலை நம்பிவிடலாமா? முடியாது. எழுத்துருவில் ‘ஶ’வும் புள்ளியும் ‘ர’வும் இருந்தும், அவை கூடி ‘ஸ்ரீ’ என்ற ஒற்றை வடிவமாகும் விதி இல்லாமல் போகலாம். அட்டவணைச் சோதனையில் அது தேறிவிடும்; தாளில் உடைந்து நிற்கும். இன்னொன்று நம் கையால் விளைவது. ‘கௌரி’ என்ற பெயரைப் பலர் ‘கெளரி’ என்று, அதாவது ஒற்றைக் கொம்பும் ‘க’வும் ‘ள’கரமுமாகத் தட்டச்சு செய்கிறார்கள். தாளில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். உள்ளே பார்த்தால் முதலதில் நான்கு எண்கள்; மற்றதில் ஐந்து. அந்தப் பிள்ளையின் பெயர் ‘கெ-ள-ரி’ ஆகிவிடுகிறது. கொம்புக்குப் பின் ‘ள’ வந்தால் ‘ஔ’காரமாக மாற்று என்று ஒரு விதி எழுதினேன். அது ‘தெளிவு’ என்ற சொல்லையும் கெடுத்தது! விதியை அன்றே நீக்கிவிட்டேன். ஆகவே, இப்பொழுது நிரல் முதலில் எல்லாப் பெயர்களையும் சாதாரணத் தாளில் பட்டியலாக அச்சிடும். அதைக் கையில் வைத்து, ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படிக்கிறேன்.

"வடவெழுத்தை வைத்துக்கொண்டு ஏன் இத்தனை பாடு? ‘சிரீ’ என்று எழுதிவிட்டால் தீர்ந்ததே!" என்று நண்பர் ஒருவர் கேட்டார். தமிழ்ப்பற்றில் அவர் எனக்குச் சற்றும் குறைந்தவரல்லர். பெயர் சூட்டுவதற்கு முன் பெற்றோரிடம் நல்ல தமிழ்ப்பெயர்களை எடுத்துச் சொல்வோம். நானும் சொல்லி வருகிறேன். ஆனால், சூட்டிய பெயரை நற்சான்றிதழில் திருத்த எனக்கு உரிமையில்லை. என் எழுத்துருவில் ஓர் எழுத்து இல்லை என்பதற்காக ஒரு பிள்ளை தன் பெயரை மாற்றிக்கொள்ளுமா?

இப்போது செய்வதையும் சொல்லிவிடுகிறேன். கணினியில் நிறுவப்பட்ட எழுத்துருக்களை நான் நம்பியிருப்பதில்லை. கட்டற்ற உரிமத்தில் கிடைக்கும் ‘நோட்டோ சான்ஸ் தமிழ்’ கோப்பை நிரலின் கோப்புறைக்குள்ளேயே வைத்துவிட்டேன். ஜாவாவில் எழுத்துருவைக் கோப்பிலிருந்து நேராகப் படிக்க வழியுண்டு. நிறுவ வேண்டியதே இல்லை. பள்ளிக் கணினிகளில் எதை நிறுவவும் நிருவாகி அனுமதி வேண்டும் என்பதை ஆசிரியர்கள் அறிவீர்கள். 2018-இன் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, அனுமதியின்றி நிறுவும் எழுத்துரு நிறுவியவரின் கணக்குக்கு மட்டுமே உரியது. வேறொருவர் தம் கணக்கில் நுழைந்தால் அது இராது. வினாத்தாளை வீட்டில் அழகாகச் செய்து, பள்ளியில் திறந்ததும் உருக்குலைந்து போவதற்கு இது போன்ற எழுத்துரு வேறுபாடே பெரும்பாலும் காரணம். நிரல் எழுதாதவர்கள் வினாத்தாளைப் பிடிஎஃப் கோப்பாக மாற்றி, எழுத்துருவை உட்பொதித்து எடுத்துச் செல்வது நல்லது.

அந்த மாணவிக்கு மறுநாளே புதிய நற்சான்றிதழ் அச்சிட்டு, தலைமையாசிரியரிடம் மீண்டும் கையொப்பம் வாங்கிக் கொடுத்தேன். பெயர் முழுமையாக இருந்தது. பழையதைத் திரும்பக் கேட்டேன். தவறானது வெளியில் இருக்க வேண்டாமே என்பதற்காக. அவள் தரவில்லை. "இதுல அப்பா எழுதினது இருக்கு டீச்சர்" என்று சொல்லி, இரண்டையும் ஒரே உறைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

வகுப்பாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விழாவுக்கான பெயர்ப்பட்டியலை அனுப்பும்போது, படமாக எடுத்து அனுப்பாதீர்கள். தட்டச்சு செய்தே அனுப்புங்கள். அனுப்பும் முன் பெற்றோரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். ‘கௌ’ வரும் பெயர்களை மட்டும் இரண்டு முறை பாருங்கள்.